வீட்டு அச்சுப்பொறியும் மலைநாட்டு ஈரமும்

வட்டவளையைக் கடந்து ஹட்டனை நோக்கி மலையேறும் புகைவண்டி இடைவழியில் நின்று செல்லும் சிறு நிலையம் றொசல்ல. இருப்புப்பாதை ஹட்டனை எட்டிய ஆண்டு 1884. அயலிலுள்ள வட்டவளையோ, இலங்கைத் தீவில் மிகுந்த மழையைப் பெறும் இடங்களுள் ஒன்று. அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். மே மாதந் தொட்டுச் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று வீசுங்கால், துவைத்த துணி மூன்று நாளாயினும் உலராது, உப்புச் சாடியில் நீர் கசியும், தீப்பெட்டி நமத்துப்போகும். இத்தகைய இடத்தில் தாளையும் மையையும் மின்சாரத்தையும் நம்பி இயங்கும் ஓர் இயந்திரம் அடிக்கடி முரண்டு பிடிப்பதில் வியப்பில்லை.

ஒரு காலத்தில் அச்சென்பது தோட்டத்து மக்களுக்கு எட்டாத பொருளாயிருந்தது. 1931 ஆம் ஆண்டில் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், அச்செழுத்தின் வலிமையை நன்குணர்ந்த பத்திரிகையாளர். அவர் காலத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் வெளிவரவேண்டுமாயின் அச்சுக்கூடமும், எழுத்துக் கோப்போரும், பொறியை இயக்குவோரும் வேண்டியிருந்தனர். இன்றோ அப்பணி முழுவதையும் ஆற்றவல்ல சிறு பெட்டி ஒன்று, தோட்டத்து வீடுகள் சிலவற்றிலும் மேசை மீது அமர்ந்துவிட்டது. 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வரத் தொடங்கிய நாட்களில், வீட்டில் அச்சுப்பொறி உள்ளவர் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவினர்.

ஆயினும் வாங்கியது போதாது, பேணவும் வேண்டும். மகளின் விண்ணப்பப் படிவம் நாளை பதிவுத் தபாலிற் சேரவேண்டும். இரவு எட்டு மணிக்கு அச்சுப்பொறி அசையாது நிற்கிறது. இந்நிலையில் வீட்டார் செய்வது யாது? பொறியைத் தட்டுவர், கட்டளையைப் பத்து முறை கொடுப்பர், தாளை இழுத்துக் கிழிப்பர், முடிவில் பொறி கெட்டதென்று தீர்மானித்து, ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பேருந்தில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டு செல்வர். அங்கே பழுது பார்ப்பவர் உள்ளிருந்து ஒரு தாள் துண்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கூலி கேட்பார். கெட்டது பொறியன்று என்பது அப்போதுதான் தெரியவரும்.

மருத்துவன் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பான். அச்சுப்பொறிக்கும் அதுவே முறை. அச்சிடுதல் மூன்று படிகளாக நிகழ்கிறது. கணினி கட்டளையிடுகிறது, அக்கட்டளை வயர் வழியாகவோ வைஃபை வழியாகவோ செல்கிறது, பொறி அதனைப் பெற்றுத் தாளில் மையை இடுகிறது. இம்மூன்றில் எது தவறியது என்பதே முதல் வினா. அதற்கு விடை காண எளிய வழியொன்றுண்டு. பெரும்பாலான அச்சுப்பொறிகள், கணினியின் உதவியின்றித் தாமே ஒரு சோதனைப் பக்கத்தை அச்சிட வல்லவை. எந்தப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தவேண்டும் என்பது உடன்வந்த கைந்நூலிற் காணப்படும். அப்பக்கம் செவ்வையாக வருமாயின் பொறியிற் குற்றமில்லை. கணினியையோ வழியையோ ஆராய்க. வராவிடின், அல்லது மங்கி வருமாயின், கணினியை விட்டுப் பொறியை ஆராய்க. இவ்வொரு சோதனையாலேயே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மலைநாட்டில் முதலில் ஐயுறத்தக்கது தாளே. தேயிலைத் தொழிலை அறிந்தோருக்கு இதனை விளக்குவது எளிது. பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதனை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி, ஏறத்தாழ 3 சதவீத ஈரமே எஞ்சும்படி செய்கின்றனர். அவ்வாறு உலர்த்திய தூளைத் திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் குணங் கெடும். ஆதலினாலேயே பண்டைக்காலத் தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஈயத் தகடு பரப்பினர். தாளும் அத்தன்மையதே. அதுவும் தாவர நாரினால் ஆனது. அதுவும் ஈரத்தை இழுக்கும். தாட்கட்டைச் சுற்றியுள்ள உறை அழகுக்காக அன்று, ஈரத்தைத் தடுப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அவ்வுறையைக் கிழித்தெறிந்துவிட்டு, ஐந்நூறு தாளையும் ஒரு மாதம் வெளியில் வைப்பவர், தேயிலைத் தூளை முற்றத்திற் கொட்டி வைப்பவரை ஒத்தவராவார்.

ஈரம் ஏறிய தாள் ஓரங்களிற் சுருளும். இரண்டு மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒருங்கே நுழைந்து சிக்கும். திரவ மையினால் அச்சிடும் பொறியில், மை நாரின் வழியே பரவி எழுத்தின் விளிம்பு கலங்கும். லேசர் பொறியின் நிலையோ வேறு. 1938 ஆம் ஆண்டு செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர் கண்ட உலர் அச்சு முறையை அடிப்படையாகக் கொண்ட அப்பொறி, மின்னேற்றத்தின் கவர்ச்சியால் மைத்தூளைத் தாளின்மீது தாவச் செய்து, பின்னர் 200 பாகை செல்சியஸை அண்மிய வெப்பத்தில் உருக்கி ஒட்டுகிறது. ஈரத்தாள் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்காது கசியவிடுவதால் தூள் முழுமையாகத் தாவாது. எழுத்து திட்டுத்திட்டாக வெளுக்கும். எஞ்சிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெளிவரும்போது, பொறி புகைகிறதென்று அஞ்சுவாரும் உளர். தீய்ந்த நாற்றமின்றி மெல்லிய வெண்ணாவி மட்டும் வருமாயின், அது தாளிலிருந்த நீரே.

இதற்குப் பரிகாரம் செலவற்றது. தேவையான தாள்களை மட்டும் எடுத்துத் தட்டில் இட்டு, மிகுதியை உறையோடு மடித்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கலாம். சீமெந்துத் தரையிலும் வெளிச்சுவரின் ஓரத்திலும் தாட்கட்டை வைத்தலாகாது. வேலை முடிந்ததும் தட்டில் எஞ்சிய தாளையும் பெட்டிக்கே மீட்க வேண்டும். இடுவதற்கு முன் தாள்களை விசிறிபோல் விரித்துப் பிரித்து, ஓரங்களை ஒழுங்கு செய்தல் நன்று. சற்றே சுருண்டதாயின், கட்டைத் தலைகீழாகத் திருப்பி இட்டுப் பார்க்கலாம். நன்கு நனைந்ததை அடுப்பின் மேல் காயவைத்து மீண்டும் இடுதல் வேண்டாம். அது பிள்ளைகள் கணக்குப் போட உதவட்டும்.

தாள் சிக்கிக்கொண்டால், முதலில் மின்சாரத்தை நிறுத்துக. லேசர் பொறியாயின் உட்பகுதி ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பின்னர் தாள் செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல இழுக்க வேண்டும்; எதிர்த்திசையில் இழுத்தாற் பற்சக்கரம் பழுதாகும். எடுத்த தாளை விரித்து, மூலை ஒன்றேனும் குறைந்துள்ளதா என்று பார்த்தல் இன்றியமையாதது. குறைந்த மூலை பொறியினுள்ளேதான் இருக்கும். சூட்டை நாடிப் புகும் கரப்பான் பூச்சியும் பல்லியும் இத்தகைய தொல்லைக்குக் காரணமாவதுண்டு; ஆதலின் வேலையற்ற வேளையில் பொறியை ஒரு துணியால் மூடி வைத்தல் நலம்.

அடுத்தது மையும் மின்சாரமும். இவ்விரண்டையும் இணைத்தே நோக்கவேண்டும். திரவ மைப் பொறியின் தலையிலுள்ள துளைகள் தலைமயிரினும் நுண்ணியவை. பொத்தானை அழுத்திப் பொறியை நிறுத்தும்போது, அத்தலை தன் இருப்பிடஞ் சென்று ஒரு ரப்பர் மூடியின்மேல் அமரும்; துளைகள் காயாது காக்கப்படும். பொத்தானை விடுத்துச் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பவரும், அச்சிடும் நடுவில் மின்வெட்டுக்கு ஆளானவரும் அத்தலையைத் திறந்தபடி விட்டுவிடுகின்றனர். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை எவரும் மறந்திரார். அவ்வாறு நேர்ந்தால், மின்சாரம் மீண்டதும் பொறியை ஒருமுறை இயக்கி, பொத்தானாலேயே முறைப்படி நிறுத்த வேண்டும். வாரம் ஒரு வண்ணப் பக்கமேனும் அச்சிட்டால் துளைகள் அடைபடா. அடைபட்டால் துப்புரவுக் கட்டளையை இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கொடுப்பது மையையே குடிக்கும். சில மணித்தியாலம் விட்டு மீண்டும் முயல்வது அறிவுடைமை. ஏப்பிரல், ஒக்டோபர் மாதங்களின் பிற்பகல் இடிமுழக்கத்திற்கு முன், சுவிட்சை அணைத்தல் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிட வேண்டும்.

சோதனைப் பக்கம் செவ்வையாக வந்தும் கணினியிலிருந்து ஒன்றும் வராவிடின், குற்றம் கட்டளையில் உளது. கணினி தனது கட்டளைகளை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. கூட்டுறவுக் கடையின் வரிசையில் முன்னிற்பவர் நகராவிடின் பின்னிற்பவரும் நகரார். அவ்வாறே சிக்கிய ஒரு பக்கம் ஏனைய யாவற்றையும் தடுக்கும். அவ்வரிசையைத் திறந்து, நிற்பனவற்றை நீக்கி, பொறியையும் கணினியையும் நிறுத்தி மீண்டும் இயக்கினாற் பெரும்பாலும் வழி திறக்கும். வேறொரு பொறியின் பெயர் தெரிவாகியுள்ளதா என்பதையும் நோக்குக. வைஃபையால் இயங்குவதாயின், மின்வெட்டுக்குப் பின் கணினியும் பொறியும் ஒரே இணைப்பிற் சேர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஐயமாயின் வயரால் இணைத்துச் சோதிப்பதே நேர்வழி.

இறுதியாகத் தமிழுக்கே உரிய ஓர் இடர் உண்டு. வீட்டிலே தட்டெழுதிய கடிதம் ஹட்டனில் அச்சாகும்போது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாய் மாறி வருவதைப் பலர் கண்டிருப்பர். இஃது அச்சுப்பொறியின் பிழையன்று. இலங்கையிற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடங் கலைந்து உள்ளிருக்கும் ஆங்கில எழுத்தே தோன்றும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிகோட் முறை தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்களை வழங்கி இவ்விடரை நீக்கியது. ஆதலின் யுனிகோட்டில் எழுதுவதும், வெளியே கொண்டு செல்லுமுன் எழுத்துருவோடு சேர்த்துப் பீ.டி.எப். கோப்பாக மாற்றுவதும் நன்று. விண்ணப்பத்திற் பெயரொன்று பிழைபட்டு அச்சாவதைச் சிறு குற்றமெனத் தள்ளிவிடல் ஆகாது. பதிவேட்டில் ஓரெழுத்து மாறியதன் பொருட்டுக் கந்தோர் கந்தோராக அலைந்த முதியோர் தோட்டங்கள்தோறும் உளர். கையொப்பமிடுமுன் அச்சான பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

இவை யாவற்றையும் முடித்த பின்னரும் பொறி இயங்காவிடின், அதனை ஹட்டனுக்குக் கொண்டு செல்வதில் தவறில்லை. அப்போதும், சோதனைப் பக்கம் வந்ததா, தாள் புதியதா, எந்த விளக்கு மின்னியது என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு செல்பவர், வெறுங்கையோடு செல்பவரினும் விரைவாகவும் குறைந்த செலவிலும் வீடு திரும்புவார். அந்தத் துண்டையும், உலர்ந்த தாள் இருபதையும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கும் வீட்டில், மகளின் விண்ணப்பம் காலையில் தபாலிற் சேர்வது பெரும்பாலும் உறுதி.