ஓட்டம், கவாத்து, சட்டம்... டெல்டா பிள்ளைகளைக் காவலராக்கும் 7 மாதங்கள்!

விடியற்காலையில் டெல்டா பக்கம் ஆற்றங்கரைச் சாலைகளில் போயிருக்கிறீர்களா? பால் கேன் கட்டிய டூவீலர்களுக்கும் வயலுக்குக் கிளம்பும் டிராக்டர்களுக்கும் நடுவே, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓடும் இளைஞர்களைப் பார்க்கலாம். கேட்டால், ``போலீஸ் செலக்‌ஷனுக்கு" என்பார்கள். மேட்டூர் எப்போது திறக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல்லை எப்போது எடை போடுவார்கள் என்று காத்துக்கிடக்கும் வீடுகளுக்கு, மாதம் பிறந்தால் சம்பளம் தரும் காக்கி உடுப்பு பெரிய கனவு.

அதே வீடுகளில் இன்னொரு பேச்சும் உண்டு. ``போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியை மட்டும் மிதிச்சிடக் கூடாது." எங்கள் அப்பாயியும் இதைத்தான் சொல்வார். பிள்ளை போலீஸாக வேண்டும், ஆனால் நாம் போலீஸிடம் போகக் கூடாது! இந்த பயத்தைப் போக்கும் ஆட்களை உருவாக்குவதுதான் காவலர் பயிற்சிப் பள்ளிகளின் முதல் வேலை. அது நடக்கிறதா?

உள்ளே நுழைவது எப்படி?

இரண்டாம் நிலைக் காவலர்களைத் தேர்வு செய்வது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். கல்வித் தகுதி 10-ம் வகுப்பு. முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் தேறினால்தான் 70 மதிப்பெண்ணுக்கான முதன்மை எழுத்துத் தேர்வின் விடைத்தாளைத் திருத்துவார்கள். அடுத்து உடல் அளவு, ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களிலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளிலும் கடக்க வேண்டும். ஆற்றங்கரை ஓட்டமெல்லாம் இதற்குத்தான்.

கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லையே என்று கவலைப்படுபவர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள். போட்டித் தேர்வுகளுக்கு அங்கே இலவச வகுப்புகள் நடக்கின்றன.

7 மாதங்கள்... என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

ஐ.பி.எஸ் அதிகாரிகளுக்கு ஹைதராபாத்தில் இருக்கும் சர்தார் வல்லபபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமி. நேரடியாகத் தேர்வாகும் டி.எஸ்.பி, எஸ்.ஐ-களுக்கு வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவலர் பயிற்சியகம். காவலர்களுக்கு வேலூர் கோட்டைக்குள் இருப்பது போன்ற காவலர் பயிற்சிப் பள்ளிகள். எஸ்.ஐ-க்கு ஓராண்டுப் பயிற்சி. காவலருக்கு 7 மாதங்கள். அதில் 6 மாதம் பள்ளியில், 1 மாதம் காவல் நிலையத்தில் செய்முறைப் பயிற்சி.

விடியும் முன்பே உடற்பயிற்சி, பிறகு கவாத்து. கை, கால் ஒரே சீராக அசையும் வரை கவாத்து போதகர் விடமாட்டார். துப்பாக்கி சுடுதல், முதலுதவி, யோகா, கம்ப்யூட்டர் என்று பட்டியல் நீளும். கூட்டத்தைக் கையாளும் பயிற்சியும் உண்டு. 1992 கும்பகோணம் மகாமக நெரிசலில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. இன்று பயிற்சியில் இருக்கும் பலர் அந்தக் குளக்கரையில் பந்தோபஸ்து நிற்கலாம்.

சட்ட போதகரின் வகுப்புதான் இதில் முக்கியமானது. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் 2024 ஜூலை 1-ல் விடைபெற்று, பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்கள் வந்துவிட்டன. புதியவர்கள் மட்டுமல்ல, பல வருட சர்வீஸ் போட்ட ஏட்டுகளும் மறுபடி மாணவர்களாக வேண்டியிருந்தது.

22 பேரில் தொடங்கிய பயணம்

1973-ல் தமிழகக் காவல்துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தபோது ஒரு எஸ்.ஐ, ஒரு ஏட்டு, 20 காவலர்கள் என மொத்தமே 22 பேர்தான். 2010-ல் லத்திகா சரண் தமிழகத்தின் முதல் பெண் டி.ஜி.பி ஆனார். 2023-ல் பெண் காவலர்களின் பொன்விழாவையொட்டி, அவர்களுக்கான காலை ரோல்கால் 7 மணியிலிருந்து 8 மணிக்கு மாற்றப்பட்டது. பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு ஓடிவரும் அம்மாக்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

பாஸிங் அவுட் பரேடுக்குப் பிறகு..?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பின் உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையின்போது இறந்தார். இரண்டு வழக்குகளும் சி.பி.ஐ-க்குப் போயின. இரண்டிலும் கைதான போலீஸாரும் பயிற்சி முடித்துவிட்டு வந்தவர்கள்தான். யாரையும் அடிக்கலாம் என்று எந்தப் பள்ளியும் பாடம் நடத்தியிருக்காது.

இடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் பெரும்பாலானவர்கள் போவது ஆயுதப்படைக்கோ, சிறப்புக் காவல்படைக்கோதான். வி.ஐ.பி வருகை, திருவிழா, போராட்டம் என பந்தோபஸ்திலேயே ஆண்டுகள் ஓடும். ஒருவழியாகக் காவல் நிலையத்துக்கு மாறி வரும்போது, வகுப்பில் படித்த சட்டப் பிரிவுகள் மங்கியிருக்கும். `இங்கெல்லாம் இப்படித்தான்' என்று சொல்லிக்கொடுக்கும் சீனியர்கள் பக்கத்தில் இருப்பார்கள். 7 மாதப் பாடத்தை ஸ்டேஷனின் பழக்கம் தோற்கடிப்பது அங்கேதான். எனவே, காவல் நிலையப் பணிக்கு வரும் நாளில் இன்னொரு முறை சட்ட வகுப்பு அவசியம். அந்தப் பாடத்தை மதிக்கும் மேலதிகாரியும் அவசியம்.

நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்!

காவலருக்குச் சொல்லித்தரும் இந்தச் சட்டங்கள் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்:

* பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய புகாரை, எல்லை எதுவென்று பாராமல் எந்தக் காவல் நிலையமும் பதிய வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம்.
* கைதானவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.
* அசாதாரணச் சூழல் தவிர, சூரியன் மறைந்த பின் விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்வதானாலும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை.
* சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

கடைசி விஷயத்தை அப்பாயியிடம் சொன்னேன். ``அப்படியா சட்டத்துல இருக்கு?" என்று ஆச்சர்யப்பட்டவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார், ``அது அந்த போலீஸுக்கும் தெரியுமா?"

ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே... அப்பாயிக்கான பதில் உங்களிடம்தான் இருக்கிறது!