ஆயிரம் ரூபா எப்போது ஆயிரம் ரூபாவாக இருந்தது?

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நாளுக்கு ஆயிரம் ரூபா வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது 2015-ல். சட்டப்படி அது கிடைத்தது 2021 மார்ச்சில். ஆறு வருஷப் போராட்டம், கடைசியில் வெற்றி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனா கேட்ட ஆயிரமும் கிடைத்த ஆயிரமும் ஒண்ணா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது. அந்தக் கணக்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் தோட்டச் சம்பளம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்து எடுத்து, தோட்டம் வைத்திருக்கும் கிலோ அளவை நிறைவு செய்தால் அன்றைக்கு ஒரு 'பேர்'. குறைந்தால் பல இடங்களில் 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். மாதக் கடைசியில் எத்தனை பேர் விழுந்திருக்கு என்பதுதான் கணக்கு. ஆகவே நாள் சம்பளம் என்று செய்தியில் வரும் எண் பாதி விஷயம்தான். எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ அளவு என்பது மீதிப் பாதி. அதைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதே இல்லை.

அந்த நாள் சம்பளத்துக்குள்ளேயும் பல துண்டுகள் உண்டு. 1992-ல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனபிறகு, தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் போடுவது வழக்கமாயிற்று. 2013 ஒப்பந்தத்தில் மொத்தம் 620 ரூபா. அதில் அடிப்படை 450 மட்டும். அந்த ஒப்பந்தம் 2015 மார்ச்சில் முடிந்தது, அடுத்தது கையெழுத்தானது 2016 ஒக்டோபரில். ஒன்றரை வருஷம் பழைய சம்பளம்! பேச்சுவார்த்தை இழுபடுவதே ஒரு சம்பள வெட்டுதான், ஆனா அதை யாரும் அப்படிச் சொல்றதில்லை.

2016-ல் வந்தது 730: அடிப்படை 500, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. இங்கேதான் சூட்சுமம். போதுமான நாள் வராவிட்டால் 60 போச்சு. கிலோ அளவு எட்டாவிட்டால் 140 போச்சு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்று, மழையில் கொழுந்தும் குறைந்த ஒருவர் கையில் 530 ரூபாதான். மேலும், சேமலாப நிதி போன்றவை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படும் என்பதால், கொடுப்பனவாக ஏறும் காசு முதுமைக்குச் சேராது.

2019 ஜனவரியில் அடிப்படை 500-லிருந்து 700 ஆனது. 40 சதவீத உயர்வு என்று சொல்லப்பட்டது. அந்த 60-ஐயும் 140-ஐயும் எடுத்துவிட்டார்கள், விலைப் பங்கு 50 ஆனது. மொத்தம் 750. ஒழுங்காக வந்து முழு அளவும் எடுத்த ஒருவருக்கு உயர்வு 20 ரூபா! நியாயமாச் சொன்னால், 530 வாங்கியவருக்கு இது பெரிய உயர்வு, சேமலாப நிதிக்கும் நல்லது. அன்று எல்லாரும் 20 ரூபா என்று சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும்வரை.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்த முறையும் உடைந்தது. முன்பு சங்கங்கள் மேசையில் உட்கார்ந்து சம்பளத்தோடு மற்ற நிபந்தனைகளையும் பேசும். வர்த்தமானி நாள் சம்பளத்தை மட்டும் சொல்கிறது. கிலோ அளவைக் கூட்டிட்டாங்க, வேலை நாளைக் குறைச்சிட்டாங்க என்று பல தோட்டங்களிலிருந்து முறைப்பாடு வந்தது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 730 படி 25 நாள் என்றால் 18,250. ஆயிரம் படி 15 நாள் என்றால் 15,000. சம்பளம் கூடியது, வருமானம் குறைந்தது.

இப்போ விலைவாசி. 2015-ல் டொலர் சுமார் 135 ரூபா, ஆக அன்று கேட்ட ஆயிரம் ஏழு டொலருக்கு மேல். கிடைத்தபோது ஐந்து டொலர். 2022 மே மாதம் டொலர் 360-ஐத் தொட்டபோது மூன்று டொலர்கூட இல்லை. தோட்டத்தில் யார் டொலரில் சாமான் வாங்குறாங்க என்று கேட்கலாம். ரொட்டி சுடும் கோதுமை இறக்குமதிதானே, பருப்பும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் சுமார் 70 சதவீதம், உணவுக்கு மட்டும் 95-ஐ ஒட்டி. அந்த வருஷம் முழுக்க நாள் சம்பளம் ஆயிரத்திலேயே நின்றது.

அதே வருஷம் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாவில் ஏறத்தாழ இரு மடங்கானது. கம்பனிக்காரர் பதில் சொல்வார்கள்: 2021-ல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் விளைச்சல் விழுந்தது, சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டு உற்பத்தி 25 கோடியை ஒட்டி வந்தது, எரிபொருள் செலவு ஏறியது. பொய்யில்லை. ஆனால் ரூபா விழுந்தபோது ஏலத்துக்கு உடனே ஒரு சரிசெய்தல் நடந்தது, தொழிலாளிக்கு நடக்கவில்லை. அதற்கான வழி எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. விலைச் சுட்டெண்ணோடு சம்பளத்தைக் கட்டியிருந்தால் ஊர்வலமே தேவைப்பட்டிருக்காது. ஒருவேளை அதனால்தான் அது யாருக்கும் பிடிக்கவில்லையோ? வட்ட எண்ணை மேடையில் அறிவிக்கலாம், சூத்திரத்தை அறிவித்துக் கைதட்டு வாங்க முடியாது.

2024 மே தினத்தில் அப்படித்தான் 1,700 அறிவிக்கப்பட்டது. வழக்கில் சிக்கி, செப்டெம்பரில் 1,350 ஆக இறங்கியது. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750: கம்பனி 1,550, அரசாங்கம் வருகைக்கு 200. 2015-க்குப் பிறகு விலைகள் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கின்றன. அன்றைய ஆயிரத்துக்கு ஈடு கொடுக்க இன்றைக்கு 2,000 தாண்ட வேண்டும். அதாவது, பத்து வருஷத்துக்கு முன்பு கேட்டது இன்னும் கைக்கு வரவில்லை.

இதற்கிடையில் வேலையே மாறிக்கொண்டிருக்கு. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். மலையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். கிலோவுக்கு இத்தனை என்று அன்றன்றே கொடுக்கும் கைக்காசு பரவியிருக்கு. சில கம்பனிகள் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கான செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கிக்கொள்கின்றன. வெளியே சிறுதோட்டக்காரர்கள்தானே நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைத் தருகிறார்கள், அதையே உள்ளேயும் செய்வோம் என்பது அவர்கள் வாதம். நல்ல உழைப்பாளிக்குச் சில மாதம் கையில் கூடுதல் காசு நிற்கும் என்பதும் உண்மை. ஆனா சிறுதோட்டக்காரருக்குக் காணி சொந்தம். இவர்களுக்குச் செடியும் சொந்தமில்லை, லயமும் சொந்தமில்லை. உரம் யார் போடுவது, வறட்சி வந்தால் யார் நட்டம் என்ற கேள்விகள் மட்டும் கைமாறுகின்றன.

கைக்காசுக்காரருக்கும் செடி எடுத்தவருக்கும் 'பேர்' விழாது. பேர் இல்லாவிட்டால் 1,750-ம் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. அரசாங்கம் தரும் அந்த 200 வருகைப் பணத்துக்கு அவர் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்?