நாடியின் ஒழுங்கின்மையும் பாரிசவாதமும்

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தல் நம் வைத்தியரின் பழைய வழக்கம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்விதியுமின்றி மாறிக்கொண்டேயிருப்பின், அது பெரும்பாலும் சோணையறை நடுக்கம் என்னும் நோயின் குறியாகும்.

இருதயத்தின் மேலறைகளிரண்டும் சோணையறைகளாம். காதின் சோணையை நினைந்து இட்ட பெயர் அது. இயல்பாக அவை ஒருமித்துச் சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குச் செலுத்தும். இந்நோயிலோ, மின்னலைகள் அவற்றின் சுவர்களில் தாறுமாறாய் ஓடுதலின், அவை சுருங்காது வெறுமனே நடுங்குகின்றன. இடது சோணையறையோடு ஒட்டிய சிறு பையொன்றுண்டு. ஓட்டங்குன்றிய குருதி பெரும்பாலும் அங்கேதான் உறைகின்றது. அக்கட்டி பெயர்ந்து சென்று மூளையின் குருதிக் குழாயொன்றை அடைத்தால் விளைவது பாரிசவாதம். அமெரிக்காவிலுள்ள பிரேமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர், இந்நோயுடையார்க்கு அவ்வாபத்து ஏறத்தாழ 5 மடங்கென 1991 இல் எடுத்துக்காட்டினர்.

இடர் யாதெனின், இந்நடுக்கம் வந்து வந்து மறையக்கூடியது. நோயாளி அதனைச் சற்றும் உணராதிருத்தலும் உண்டு. இருதய மின்வரைபை ஆக்கியமைக்காக 1924 இல் நோபெற் பரிசு பெற்றவர் ஒல்லாந்த அறிஞர் ஐந்தோவன். அவ்வரைபு இன்றும் வழக்கமாக 10 விநாடி நேரத்தையே காட்டுவது. கள்வன் வாராத வேளையிற் காவல் செய்து என்ன பயன்? அமெரிக்கரான ஹோல்டர் முதலில் அமைத்த நடமாடுங் கருவியோ ஏறத்தாழ 38 கிலோகிராம் நிறையுடையது; முதுகிற் சுமக்கவேண்டியிருந்தது! இன்று தோலின் கீழ்ப் பொருத்தும் சிறு கருவி ஆண்டுக்கணக்காய் இரவும் பகலும் காவல் செய்கின்றது.

அங்ஙனமாயின், நடுக்கத்தைத் தேடிக் கண்டு, குருதியுறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தாற் பாரிசவாதம் குறையுமன்றோ? டென்மார்க்கில், 70 முதல் 90 வரை வயதினரும் உயர் குருதியமுக்கம், நீரிழிவு முதலியவற்றுள் ஒன்றேனும் உடையாருமான 6,004 பேரை வைத்து இவ்வினாவை ஆராய்ந்து, 2021 இல் முடிபை வெளியிட்டனர். கருவி பொருத்தப்பட்டோருள் நூற்றுக்கு 32 பேரிடமும், ஏனையோருள் 12 பேரிடமும் நடுக்கம் கண்டறியப்பட்டது. பாரிசவாதத்திலோ, தற்செயலன்று என்று துணிந்து கூறத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி மட்டுமே காணும் சிறுபொழுது நடுக்கமும், மருத்துவர் நேரிற் காணும் ஓயாத நடுக்கமும் ஒரே அளவு தீங்கு செய்வன அல்ல என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம்.

2023 இல் வெளிவந்த மற்றோராராய்ச்சி இதற்குத் துணைநிற்கின்றது. 6 நிமிடம் முதல் 24 மணி நேரம் வரை நீடித்த மறைநடுக்கமுடையார்க்கு, ஆஸ்பிரினுக்குப் பதிலாக அபிக்சபான் கொடுத்தபோது, பாரிசவாதம் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 1.24 இலிருந்து 0.78 ஆகக் குறைந்தது. ஆனாற் பெருங் குருதிப்போக்கு மிகுந்தது. ஆதலின், கருவி நடுக்கத்தைக் காட்டிய பின்னும் வயது, குருதியமுக்கம், நீரிழிவு, முன்பு பாரிசவாதம் கண்டமை ஆகியவற்றை நோயாளியோடிருந்து சீர்தூக்கிய பின்னரே மருத்துவர் மருந்தெழுதுகின்றார்.