கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு என்னென்ன தடுப்பூசி?

"சித்த வைத்தியர் போய் ஊசி போடச் சொல்றாரே!" என்று ஆச்சரியப்படுகிறீர்களா? வந்த நோய்க்கு மருந்து தருவது வேறு, வராமல் தடுப்பது வேறு. ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புக்காக சேலத்துக்கு இறங்கும் பிள்ளைகள் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். விவரம் சொல்ல ஆள் இருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மஞ்சள் காமாலை பி

மருத்துவ, நர்சிங் கல்லூரிகள் பல முதலில் கேட்பது இந்த ஊசிக்கான சான்றைத்தான். ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தின் மூலம் பரவும். வார்டில் ஒரு ஊசி கையில் குத்தினாலே போதும். எங்கள் சித்த மருத்துவ மாணவர்களுக்கும் இதே கதைதான்!

"கீழாநெல்லி இருக்கும்போது ஊசி எதுக்கு?" என்று பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் தியாகராஜன், இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க் முதலானோருடன் சேர்ந்து, கீழாநெல்லி பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். மருந்து சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாகச் சொன்னது அந்த ஆய்வு. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிப்பதால் கிருமி உடம்புக்குள் நுழைவதைத் தடுக்க முடியாது. அதற்கு ஊசிதான் வழி.

மூன்று ஊசி போட வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அட்மிஷன் கிடைத்த பிறகு ஓடினால் எப்படி முடியும்? பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் ஆரம்பித்தால் அக்டோபரில் முடியும்.

"சின்ன வயசிலேயே போட்டாச்சே?" தமிழகத்தில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி வந்ததே 2011 டிசம்பரில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் சிலருக்கு விட்டுப் போயிருக்கலாம். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே போட்டிருந்தால், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்துக் கொள்ளலாம்.

தட்டம்மை, ரூபெல்லா

2017 பிப்ரவரியில் பள்ளிகளில் இந்த ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து பிள்ளையை அனுப்பாத பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வயதில் இருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு விட்டுப் போயிருந்தால் இப்போதே போடுங்கள். கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போடக் கூடாது.

மலையிலுள்ள விடுதிப் பள்ளிகளில் படித்துவிட்டு அமெரிக்கா போகும் மாணவர்களிடம், அங்குள்ள பல்கலைக்கழகங்கள் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்ட சான்று கேட்பது வழக்கம். மூளைக்காய்ச்சல் ஊசி கேட்பதும் உண்டு.

இவற்றையும் பாருங்கள்

* டி.டி. ஊசி: 16 வயதில் போட வேண்டியது. தொண்டை அடைப்பான், ரணஜன்னி இரண்டையும் தடுக்கும்.
* டைபாய்டு: ஹாஸ்டல் சாப்பாடு, வெளித்தண்ணீர் என்று மாறும் பிள்ளைக்கு நல்லது.
* சின்னம்மை: இதுவரை வராத பிள்ளைக்கு இரண்டு தவணை.
* எச்.பி.வி.: கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. 15 வயதுக்கு மேல் ஆரம்பித்தால் மூன்று ஊசி.

ஏற்காட்டில் நாயும் குரங்கும் அதிகம். கடித்தால் சுண்ணாம்பு, பச்சிலை எதையும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய் முற்றிவிட்டால் எந்த வைத்தியத்திலும் பிழைப்பது அரிது.

ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லியோ, ஒரு டம்ளர் கஞ்சியோ போதும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். கை வலியோ, லேசான காய்ச்சலோ ஓரிரு நாளில் சரியாகிவிடும். போட்ட தேதியை அட்டையில் எழுதி வாங்கி, மார்க் ஷீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.