பூனை வளர்க்க மாசம் எவ்வளவு ஆகும்? கொரட்டூர் வாடகை வீட்டுக்கான 15 வருஷக் கணக்கு



பிபிஎஃப் அக்கவுண்ட் ஓபன் பண்ணலாம்னு சொன்னா, "15 வருஷமா? அவ்வளவு நாள் பணத்தை லாக் பண்ணணுமா?"ன்னு பத்து தடவை யோசிப்போம். ஆபீஸ் பார்க்கிங்ல கத்திட்டு இருக்கிற குட்டிப் பூனையைத் தூக்கிட்டு வர அஞ்சு நிமிஷம்கூட யோசிக்க மாட்டோம். ஆனா வீட்டுக்குள்ளேயே நல்லா வளர்ற பூனை 12-லிருந்து 15 வருஷம் வாழும், சிலது அதைத் தாண்டியும் போகும். இன்னைக்கு உங்களுக்கு 25 வயசுன்னா, அந்தக் குட்டி கிழவியாகும்போது உங்களுக்கு 40. நடுவுல வேலை மாறும், கல்யாணம் ஆகும், குழந்தை வரும், நாலு வீடாவது மாறுவீங்க.

பிபிஎஃப்ல அவசரத்துக்குக் கடன் வாங்கலாம், சில வருஷம் கழிச்சு கொஞ்சம் எடுக்கவும் செய்யலாம். பூனைக்கு அந்த வசதி கிடையாது. அதனால இன்னைக்கு இதைப் பணக் கணக்காவே பார்த்துடலாம்.

உதாரணத்துக்கு கொரட்டூரை எடுத்துக்குவோம். அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல மாடி போர்ஷன் இல்லன்னா ஹவுசிங் போர்டு ஃபிளாட், காலைல 8 மணிக்குப் பூட்டினா ராத்திரி 8 மணிக்குத்தான் திறக்கிற கதவு. இந்த வீட்டுல ஒரு பூனை சந்தோஷமா இருக்க முடியுமா? முடியும். ஆனா காசு எங்க போகணும், எங்க போகக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல, பூனைக்கு என்ன வேணும்?

அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவ அமைப்பும் சேர்ந்து 2013-ல ஒரு வழிகாட்டி வெளியிட்டாங்க. வீட்டுப் பூனைக்கு அஞ்சு விஷயம் அவசியம்னு அதுல சொல்றாங்க. நம்ம ஊர் 1 பிஎச்கேக்கு அதை இப்படி எடுத்துக்கலாம்:

1. ஒளிஞ்சுக்க ஒரு இடம். ஆன்லைன் ஆர்டர்ல வர்ற அட்டைப்பெட்டியே போதும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல 2014-ல வந்த ஆய்வுல, காப்பகத்துக்குப் புதுசா வந்த பூனைகள்ல பெட்டி கிடைச்சதுங்க, கிடைக்காததுகளைவிட சீக்கிரமே பதற்றம் குறைஞ்சு செட்டில் ஆச்சு. செலவு: 0 ரூபாய்.

2. சாப்பாடு, தண்ணி, மண் தட்டு மூணும் தனித்தனி இடத்துல. கக்கூஸ் பக்கத்துல நம்மளும் சாப்பிட மாட்டோம் இல்ல? மண் தட்டு எத்தனைன்னா, பூனை எண்ணிக்கை கூட்டல் ஒண்ணு. ஒரு பூனைன்னா ரெண்டு தட்டு.

3. வேட்டை விளையாட்டு. பூனை ஒரு நாளைக்கு 12-லிருந்து 16 மணி நேரம் தூங்கும். அதனால நீங்க ஆபீஸ்ல இருக்கிறப்போ பெரும்பாலும் அதுவும் தூக்கத்துலதான் இருக்கும். அதுக்குச் சுறுசுறுப்பு வர்றது விடியக்காலைலயும் சாயங்காலமும். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், வந்த பிறகு 10 நிமிஷம். ஒரு குச்சில துணியைக் கட்டி இழுங்க, ஓடிப் பிடிக்க விடுங்க, கடைசில சாப்பாடு வைங்க. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் பண்றது, தூக்கம். அதோட இயல்பான வரிசை இதுதான். ராத்திரி 3 மணிக்கு உங்க கால்விரலைக் கடிக்கிற பிரச்சினையும் இதுலயே பாதி தீரும். விளையாடி முடிச்சதும் நூல், கயிறை எடுத்து உள்ள வச்சிடுங்க. முழுங்கினா குடல்ல சிக்கிக்கும்.

4. தினமும் ஒரே மாதிரி பழகுற மனுஷங்க. எப்பவோ ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் கொஞ்சுறதைவிட, தினமும் அதே நேரத்துல 15 நிமிஷம் மேல். ஒரு வகைல இது எஸ்ஐபி மாதிரிதான்.

5. அதோட வாசனைக்கு மரியாதை. பினாயில், ரூம் ஸ்பிரே, அகர்பத்தி எல்லாத்தையும் அது படுக்கிற இடத்துல போட்டுத் தாக்காதீங்க. அது உரசி வச்ச துணியையும் வாரா வாரம் துவைக்க வேண்டாம்.

இந்த அஞ்சுல கடைல காசு கொடுத்து வாங்க வேண்டியது ரொம்பக் கம்மி. 4,000 ரூபாய்க்கு கேட் ட்ரீ வாங்கிட்டு விளையாட நேரமே ஒதுக்காத வீட்டைவிட, பழைய சாக்குத்துணி சுத்தின மரக்கட்டையும் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலும் இருக்கிற வீட்டுல பூனை நல்லா இருக்கும்.

காசு கட்டாயம் போக வேண்டிய இடம்: பால்கனி

"பூனைதான் எப்படி விழுந்தாலும் காலை ஊனி நிக்குமே"ன்னு சொல்லுவாங்க. நியூயார்க்ல ஒரு விலங்கு மருத்துவமனைக்கு, அஞ்சே மாசத்துல மாடியிலருந்து விழுந்த 132 பூனைகள் வந்ததை 1987-ல ஒரு ஆய்வா எழுதினாங்க. சிகிச்சை எடுத்ததுல 90 சதவீதம் பிழைச்சது உண்மை. ஆனா நெஞ்சுக் காயம், உடைஞ்ச தாடை, முறிஞ்ச காலோட பிழைச்சதுங்க. எலும்பு ஆபரேஷன் பில்லோட ஒப்பிட்டா வலை போடுற செலவு ஒண்ணுமே இல்ல.

கொசுவலையைப் பூனை நகத்தாலயே கிழிச்சிடும். புறா வலையைச் சில பூனை கடிச்சே அறுத்துடும். கம்பி வலைதான் நம்பகமானது. ஜன்னல் கிரில் இடைவெளில குட்டியோட தலை நுழைஞ்சா உடம்பும் நுழைஞ்சிடும், அதையும் பாருங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டுட்டு, காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போற மாதிரி ஃப்ரேம்ல போடுங்க.

தட்டுல என்ன, அலமாரில என்ன

பூனை முழு மாமிச உண்ணி. அதுக்குத் தேவையான டாரின்ங்கிற சத்து மாமிசத்துலதான் இருக்கு. அது குறைஞ்சா பார்வை போகும், இதயம் பலவீனமாகும். தயிர் சோறும் பால் சோறும் மட்டுமே போட்டு வளர்க்கிறது பாசமா தெரியும், ஆனா அது பட்டினிதான். வளர்ந்த பூனை பலதுக்குப் பாலே செரிக்காது.

நம்ம வீட்டுல சாதாரணமா இருக்கிற சில பொருள் பூனைக்கு விஷம்: பாராசிட்டமால் (ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும்), அந்துருண்டை, லில்லிப் பூ, வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு. நாய்க்குன்னு விக்கிற பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது.

இப்போ கணக்குக்கு வருவோம்

4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். உலர் உணவுல அது சுமார் 55 கிராம், மாசத்துக்கு 1.65 கிலோ. கீழே இருக்கிற விலையெல்லாம் கணக்குக்காக நான் வச்சது. உங்க ஏரியா கடை விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கங்க.

- உலர் உணவு, கிலோ 400 ரூபாய்னு வச்சா: 660
- வேகவச்ச உப்பில்லாத சிக்கன்: 340
- மண், 10 கிலோ: 500
- வருஷத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, செக்கப் (வருஷத்துக்கு 3,600): 300
- தேய்மானம், சில்லறை: 200

மொத்தம்: மாசம் 2,000 ரூபாய். கைக்கு 35,000 வர்றவருக்கு இது கிட்டத்தட்ட 6 சதவீதம்.

வருஷத்துக்கு 24,000. விலைவாசி வருஷா வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னு வச்சா, 15 வருஷத்துல மொத்தம் சுமார் 5.6 லட்சம் ரூபாய். "இலவசமாக் கிடைச்ச பூனை"யோட விலை இது. பயமுறுத்த இதைச் சொல்லல. மாசம் 2,000 சமாளிக்கக்கூடிய தொகைதான், பட்ஜெட்ல அதுக்குன்னு ஒரு வரி இருந்தா.

இதுபோக ஆரம்பச் செலவு தனி: முதல் தடுப்பூசிகள், கருத்தடை ஆபரேஷன், கேரியர், மண் தட்டு, வலை. 12,000 ரூபாய் ஒதுக்கி வைங்க. இதுல கருத்தடையைத் தள்ளிப் போடவே கூடாது. பெண் பூனை 4 மாசத்துலயே பருவத்துக்கு வரலாம், சினைக்காலம் சுமார் 65 நாள், ஒரு தடவைக்கு சராசரியா நாலு குட்டி. மாசம் 2,000-ங்கிற வரி 10,000 ஆக ஒரே வருஷம் போதும்.

பெர்ஷியன் வாங்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. அடர்த்தியான முடி, தட்டை மூக்கு, தினமும் சீவணும், கண்ணைத் துடைக்கணும், சென்னை மே மாசத்துக்கு ஏசி வேணும். ஈபி ஸ்லாப் ஏறும். அந்த இனத்துல பரம்பரையா வர்ற சிறுநீரக நோயும் உண்டு. நம்ம நாட்டுப் பூனைக்கு இந்த வெயில் பழக்கம். 1959-லிருந்து சென்னைல இயங்குற புளூ கிராஸ் மாதிரி இடத்துலருந்து தத்தெடுத்தா வாங்குற செலவும் மிச்சம்.

எமர்ஜென்சி ஃபண்ட்: உங்களுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு

உங்க ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல பூனை வராது. 80டி கழிவும் கிடையாது. பூனைக்கான பாலிசி இந்தியால குறைவு, இருக்கிறதுலயும் வயசு வரம்பும் விலக்குகளும் நிறைய. அதனால மாசம் 1,250 ரூபாய்னு ஒரு ஆர்டி போடுங்க. 12 மாசத்துல 15,000 அசல் சேர்ந்துடும். அதைத் தனி அக்கவுண்ட்ல வைங்க, தீபாவளி போனஸ்ல கை வச்ச மாதிரி இதுல கை வைக்காதீங்க.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆண் பூனை மண் தட்டுல உட்கார்ந்து முக்குது, சிறுநீர் வரலைன்னா, அது அடைப்பா இருக்கலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். "சம்பளம் வரட்டும், சனிக்கிழமை பார்ப்போம்"ங்கிற பேச்சுக்கே இடமில்ல. பூனை வலியை வெளிய காட்டாது. ஒரு நாள் முழுக்க சாப்பிடல, வழக்கத்துக்கு மாறா ஒளிஞ்சே கிடக்குதுன்னா டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

கொரட்டூர்லருந்து போகக்கூடிய தூரத்துலயே வேப்பேரில சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. 1903-ல தொடங்கின கல்லூரி. அரசு நிறுவனம்ங்கிறதால கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம், காலைலயே போயிடுங்க. விலங்கு மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனா பாக்கெட் பெட் ஃபுட் மேல 18 சதவீதம் இருக்கு.

இன்னொண்ணு, 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் கொரட்டூர்க்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். தண்ணி ஏறுற ராத்திரில கேரியர் தேட முடியாது. அது எப்பவும் ஹால்லயே திறந்து கிடக்கட்டும். பூனை அதுலயே தூங்கிப் பழகினா, தேவைப்படுற அன்னைக்குத் தானா உள்ள போகும்.

வீடு மாறும்போதுதான் உண்மையான பரீட்சை

நிறைய வீட்டுப் பூனை தெருவுக்குப் போறது வெறுப்புனால இல்ல. பெங்களூர்ல வேலை கிடைச்சிடும், புது ஓனர் வேணாம்பார், "பூனைதானே, பொழைச்சுக்கும்"னு விட்டுட்டுப் போயிடுவாங்க. கிண்ணத்துல சாப்பிட்டே வளர்ந்த பூனைக்குக் குப்பைத்தொட்டில பொறுக்கவோ, நாயைப் பார்த்து ஓடவோ தெரியாது.

1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்துல தவிக்கும்னு தெரிஞ்சே ஒரு விலங்கைக் கைவிடுறது குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைன்னா 10 ரூபாய்லருந்து 50 ரூபாய். ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்குற காசு. சட்டத்துக்குப் பயந்து யாரும் பூனையைக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல, நாமதான் முன்னாடியே திட்டம் போடணும்.

- வீடு பார்க்கும்போதே பூனை இருக்குன்னு சொல்லிடுங்க. மறைச்சுக் குடி போனா அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது வம்பு.
- 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்துலதான் இருக்கணும். அதுலயே பூனைக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.
- புது வீட்டுல முதல் சில நாள் ஒரே ரூம்ல வைங்க. பழைய பெட்ஷீட்டைத் துவைக்காம விரிங்க. அந்த வாசனைதான் அதுக்கு வீடு.
- நீங்க ஊர்ல இல்லாதப்போ, உங்களுக்கு ஏதாவது ஆனா, யார் பார்த்துப்பாங்க? ஒரு பேரை இப்பவே முடிவு பண்ணுங்க. நாமினி மாதிரி.

இதுல ரிட்டர்ன் என்ன?

"பூனைக்கு வீடுதான் முக்கியம், ஆள் முக்கியமில்ல"ன்னு ஒரு பேச்சு உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-ல வெளியிட்ட ஆய்வு வேற சொல்லுது. சோதிச்ச பூனைக் குட்டிகள்ல சுமார் 64 சதவீதம், வளர்க்கிறவங்க பக்கத்துல இருந்தாத்தான் நிம்மதியாச்சு. குழந்தை அம்மாகிட்ட ஒட்டிக்கிற அதே வகைப் பிணைப்பு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வுல (2020), பூனையைப் பார்த்து மெதுவா கண்ணை மூடித் திறந்தா அதுவும் அப்படியே பதில் சொல்லுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு ராத்திரி நீங்களே செஞ்சு பாருங்க.

டார்கெட், அப்ரைசல், இஎம்ஐன்னு ஓடிட்டு வர்ற நாள்ல, கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து காலை உரசுற ஒரு உயிருக்கு எக்செல்ல மதிப்புப் போட முடியாது. ஆனா அந்த உயிர் 15 வருஷமும் உங்ககூடவே இருக்கணும்னா எக்செல் ஷீட் வேணும்.

அதனால குட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். மூணு மாசம், மாசா மாசம் 3,250 ரூபாயை (2,000 செலவு, 1,250 ஆர்டி) தனியா எடுத்து வைங்க. கஷ்டமில்லாம முடிஞ்சா உங்க பட்ஜெட் ரெடி, கைல 9,750 ரூபாயும் இருக்கும், ஆரம்பச் செலவுக்குப் பெரும்பங்கு. முடியலைன்னா, இப்போதைக்குத் தெருப் பூனைக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைங்க, அதுவும் பெரிய விஷயம்தான்.

உங்க வீட்டுப் பூனைக்கு மாசம் எவ்வளவு ஆகுது? ஏரியாவையும் தொகையையும் கமெண்ட்ல போடுங்க, புதுசா வளர்க்க நினைக்கிறவங்களுக்கு உதவும்.