ஒரு மில்லிவினாடி இருபது ஆவது எப்படி?

அடுப்பில் பால் வைத்தவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பால் காயும் வரை அடுப்பருகிலேயே நின்று பார்த்துக் கொண்டிருக்கலாம். அல்லது வேறு வேலையைக் கவனித்தபடி அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கலாம். முதல் வழியில் பால் வீணாகாது. ஆனால் அந்த ஆள் வேறு எதற்கும் பயன்படமாட்டார். இரண்டாவது வழியில் மற்ற வேலைகளும் நடக்கும். ஆனால் வரத் தாமதித்தால் பால் பொங்கி வழிந்துவிடும்.

கணினிக்குள்ளும் இதே சிக்கல்தான் இடைவிடாமல் எழுகிறது. வட்டு, கேமரா, தொடுதிரை, வலையட்டை போன்ற கருவிகளை இயக்குவதற்குத் தனித்தனி மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்கு டிரைவர் என்று பெயர். லினக்ஸ் இயங்குதளத்தில் இவற்றுள் பெரும்பாலானவை கெர்னல் எனப்படும் உட்கருவுக்குள் இருந்தே வேலை செய்கின்றன.

டிரைவர் கட்டளையிட்டவுடன் கருவி தயாராகிவிடாது. 'வேலை முடிந்தது' என்று கருவியே சைகை கொடுப்பது ஒரு முறை. இது குறுக்கீடு எனப்படும். அத்தகைய சைகை இல்லாத இடங்களில், 'ஆயிற்றா, ஆயிற்றா' என்று டிரைவர்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதுவே போலிங் முறை.

இருவகைக் காத்திருப்பு

ஒரு முறை பார்த்துவிட்டு மறுமுறை பார்ப்பதற்குள் டிரைவர் என்ன செய்கிறது என்பதே முக்கியம். யூடிலே என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், செயலி அதே இடத்தில் வெறுமனே சுற்றிக் கொண்டிருக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி இப்படி ஒரு மில்லிவினாடி நின்றால் 3 மில்லியன் சுழற்சிகள் வீணாகும். அந்த நேரத்தில் அச்செயலி வேறு பணிகளைக் கவனிக்க இயலாது, மின்கலமும் கரையும். எனினும் குறுக்கீட்டைக் கையாளும் வேளையில் டிரைவர் உறங்கக் கூடாது என்பது விதி. அங்கே இந்த வழியைத் தவிர வேறில்லை.

எம்ஸ்லீப் என்ற கட்டளை அப்படிப்பட்டதன்று. டிரைவர் உறங்கிவிடும்; செயலி மற்ற பணிகளுக்குப் போய்விடும். கேட்பதற்குச் சிறந்த ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

கடிகாரத்தின் துடிப்பு

கெர்னலுக்குள் ஒரு கடிகாரம் சீராகத் துடித்துக் கொண்டிருக்கிறது. வினாடிக்கு 100, 250, 1000 எனத் துடிப்பின் எண்ணிக்கை அமைப்புக்கு அமைப்பு மாறும். எம்ஸ்லீப் மூலம் உறங்குவோரை அந்தத் துடிப்பின்போது மட்டுமே கெர்னல் எழுப்பும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் மணிக்கூண்டு ஒன்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். 'குறைந்தது ஒரு நிமிடமாவது தூங்க வேண்டும், பிறகு மணி அடிக்கும்போது எழுப்பு' என்று ஒருவர் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறார். அடுத்த மணி அரை நிமிடத்திலேயே அடித்துவிடக் கூடும். ஆகவே சொன்ன வாக்கைக் காப்பாற்ற, காவலாளி அதற்கும் அடுத்த மணிக்குத்தான் எழுப்புவார். கெர்னலும் அவ்வாறே செய்கிறது. வினாடிக்கு 100 துடிப்பு உள்ள அமைப்பில் ஒரு துடிப்புக்கு 10 மில்லிவினாடி. அங்கே ஒரு மில்லிவினாடி உறக்கம் கேட்டால் 10 முதல் 20 மில்லிவினாடி வரை கிடைக்கும்.

ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை வீதம் நூறு முறை பார்க்குமாறு ஒருவர் டிரைவரை எழுதுகிறார். அதிகம் போனால் 100 மில்லிவினாடி ஆகும் என்பது அவர் கணக்கு. வினாடிக்கு 1000 துடிப்பு உள்ள அவருடைய கணினியில் அது 200 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். குறை எதுவும் தெரியாது. அதே டிரைவர் 100 துடிப்பு அமைப்புக்குப் போனால் இரண்டு வினாடி வரை இழுக்கும். இப்படிப்பட்ட டிரைவர்கள் பல சேர்ந்தால் கருவியின் பயனர் திரையைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நல்ல கருவிக்குக் கெட்ட பெயர்

தாமதத்தைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. 10 மில்லிவினாடிக்குள் கருவி தயாராக வேண்டும் என்று டிரைவர் கெடு வைக்கிறது. முதலில் பார்க்கும்போது தயாராகவில்லை. உடனே உறங்கப் போகிறது. கருவியோ மூன்றாவது மில்லிவினாடியிலேயே தயாராகிவிட்டது. இருபதாவது மில்லிவினாடியில் விழித்த டிரைவர் கடிகாரத்தைப் பார்க்கிறது, கெடு கடந்துவிட்டது. கருவியைத் திரும்பிப் பார்க்காமலே 'பழுது' என்று அறிவித்துவிடுகிறது. உறங்கியது டிரைவர்; பழி கருவிக்கு! கணினியில் பணிச்சுமை கூடும்போது மட்டும் இப்பிழை தலைகாட்டுவதும் உண்டு என்பதால், காரணத்தைக் கண்டறிவது கடினம்.

இதற்கான தீர்வு எளிது. கெடு முடிந்தாலும் கைவிடுவதற்கு முன் கருவியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். போலிங் செய்வதற்கென லினக்ஸ் கெர்னலில் உள்ள பொதுக் கட்டளைகள் இந்தக் கடைசிப் பார்வையைத் தாங்களே செய்துவிடுகின்றன. எத்தனை முறை பார்த்தோம் என்று எண்ணாமல், எவ்வளவு நேரம் சென்றது என்பதையே அவை கணக்கில் கொள்கின்றன.

உறக்கத்தின் அளவையும் திருத்தியிருக்கிறார்கள். துடிப்பை நம்பாத நுண்கடிகார ஏற்பாடு 2006-இல் கெர்னலில் இடம்பெற்றது. அதைக் கொண்டு இயங்கும் யூஸ்லீப் ரேஞ்ச் கட்டளை 2010-இல் வந்தது. '100 முதல் 200 மைக்ரோவினாடிக்குள் எழுப்பு' என்று இதனிடம் ஓர் எல்லையைச் சொல்லலாம். எல்லை அகலமாக இருந்தால், அருகருகே விழிக்க வேண்டிய பணிகளைக் கெர்னல் ஒன்றாக எழுப்பிவிடும்; மின்சாரம் மிச்சமாகும். கேட்கும் நேரத்துக்கு ஏற்ப இவற்றுள் பொருத்தமானதைத் தானே தேர்ந்தெடுக்கும் எஃப்ஸ்லீப் 2020-இல் சேர்ந்தது.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. ஆனால் உறக்கத்துக்குக் கேட்ட நேரம் குறைந்தபட்ச அளவே தவிர, விழிக்கும் நேரத்துக்கு உத்தரவாதம் அன்று. இதை மறவாத டிரைவரே கருவியையும் காக்கும், பயனரின் நேரத்தையும் காக்கும்.