சித்தாளும் கரணையும்

பெங்களூர் சிவாஜிநகரில் 2021 செப்டம்பரில் மெட்ரோ சுரங்கம் குடைந்து வெளிவந்த இயந்திரத்திற்கு 'ஊர்ஜா' எனப் பெண்பாற் பெயர். கட்டடத் தொழிலில் உழைக்கும் பெண்ணுக்கோ பெரும்பாலும் ஆயுள் முழுவதும் 'சித்தாள்' என்பதே பெயர்.

உடன் சேர்ந்த ஆண் பெரியாளாகத் தொடங்கி, கரணை பழகி, கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் உயர்கிறார். பெண் இருபதாண்டுகளுக்குப் பின்னும் கலவையே சுமக்கிறார். திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று. ரசமட்டம் பார்க்கும் பயிற்சி வேலையிடத்தில் ஆணிடமிருந்து ஆணுக்கே கைமாறுகிறது. 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் ஒத்த வேலைக்கு ஒத்த கூலி என்றது. வேலையே வேறாக இருக்கையில் அது எவ்வாறு பயன்படும்? 50 பெண்களுக்கு மேற்பட்ட வேலையிடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. சிறு கட்டடங்களில் அத்தனை பெண்கள் ஏது?

பயிற்சி நாள்களில் இழக்கும் கூலியை நலவாரியம் ஈடுசெய்தாலன்றி, சித்தாள் கரணையைத் தொடுவது அரிது.